தபசு காலத்து நாய்

என் அக்காள் புருஷன் அற்புதசாமிக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று வில்மட் துரை, மற்றொன்று நாய். துரையைக் கண்டால் கையைக் கட்டுவார். நாயைக் கண்டால் காலைத் தூக்குவார். பாலக்கரையிலிருந்து பொன்மலைப் பக்கம் ஆபீசுக்குச் சைக்கிளில் போகிற மனிதர், வழியில் ஒரு சொறிநாய் சோம்பல் முறித்தாலே போதும், பெடலிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்து ஹாண்டில்பார் உயரத்துக்குத் தூக்கிக்கொள்வார். சைக்கிள் தன்பாட்டுக்குப் போகும். கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்ப்பார்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெருக்கோடியில் எங்கோ குரைப்புச் சத்தம் கேட்டால்கூட, அவருடைய பாதங்கள் தாமாகத் தரையைவிட்டு எழும்பி நாற்காலிமேல் ஏறிவிடும். அப்படிப்பட்டவர்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் நாய் வாங்கினார்.

நான் அமலராணி. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு என் வாய்தான் காரணம் என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த வாயால்தான் இதைச் சொல்கிறேன்.

அத்தான் வேலை பார்த்தது ரயில்வேக்கு மரம் சப்ளை செய்யும், வில்மட் துரை நடத்திய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில். அங்கே ஹெட் கிளார்க் ஈஸ்டரோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் உட்கார்ந்திருந்த கைவைத்த பிரம்பு நாற்காலிதான் அத்தானுக்கு மோட்ச ராஜ்யம். மற்ற குமாஸ்தாக்களுக்கு முதுகு இல்லாத ஸ்டூல். பதினெட்டு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்த முதுகு அந்தப் பிரம்புக்கு ஏங்கியது. ஏங்கினால் தப்பில்லை. ஆனால் நாற்காலி கிடைப்பதற்கு முன்பே அதன்மேல் போட ஒரு மெத்தை தைக்கச் சொல்லி அக்காவை உட்கார்த்தி வைத்துவிட்டார். நீல வெல்வெட்டில் சிவப்பு நூலால் அவருடைய பெயரின் முதல் எழுத்து. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு விளக்கடியில் அதைத் தைத்து முடித்தாள். மெத்தை அலமாரிக்குள் போயிற்று, நாற்காலிதான் வரவேண்டும்.

வழியில் ஒரே ஒரு தடை. அதன் பெயர் சவரிராயன். அத்தானைவிட வேலையில் இளையவர், கோணல் வகிடு எடுத்துச் சிரித்துக்கொண்டே இருக்கும் ஆசாமி. ஒரு மழைநாளில் துரைசானியின் ஸ்பானியல் நாய் கம்பெனி வளவிலிருந்த மரம் ஊறப்போடும் தொட்டியில் விழுந்துவிட்டது. சவரிராயன் கோட்டோடு குதித்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து துரைசானி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதினெட்டு வருஷம் சலாம் போட்ட அத்தானை அவள் இன்னமும் "யூ" என்றுதான் அழைத்தாள்.

அத்தான் இதைப் பற்றி இரவும் பகலும் யோசித்தார். கணக்கு சுத்தமாகப் பார்க்கலாமா, வேலையைச் சீக்கிரம் முடிக்கலாமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. துரை துரைசானி சொன்னதைக் கேட்பார், துரைசானிக்கு நாய் என்றால் உயிர், ஆகவே நாய் வைத்திருக்கிறவனே ஹெட் கிளார்க் என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் சாப்பிட்டு எழுந்ததும் அக்காவிடம் அறிவித்தார்.

"லூர்து, நாம ஒரு நாய் வளர்க்கப் போறோம்."

"நாயா? உங்களுக்குத்தான் ஆகாதேங்க."

"அதுக்குத்தான் சாதுவாப் பாக்கப் போறேன். சின்னதா இருக்கணும், சத்தம் போடக் கூடாது, சொன்ன இடத்துல கிடக்கணும்."

அக்கா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தகவல் மட்டும் சொல்லப்படும்.

பொட்டலம் மடிக்கிற கடையிலிருந்து பழைய இங்கிலீஷ் வாரப் பத்திரிகை ஒன்றை அத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். முதன்முதலாக நாய் வளர்க்கிறவர்களுக்குப் புத்திமதி சொல்லும் பக்கம் அதில் இருந்தது. அதை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு வாத்தியார் முன் பையனைப்போல என்னிடம் உட்கார்ந்தார்.

"டெம்பரமென்ட்னு போட்டிருக்கானே, அது என்ன அமலா?"

"குணம், அத்தான்."

"அப்படிச் சொல்லு. குணமான நாயாப் பாக்கணும்."

அப்புறம் நாய் பார்க்கும் படலம் ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, பெண் பார்க்கப் போவதைப்போலவே போனார். வேட்டி, கோட்டு, தலைப்பாகை. கையில் குடை. இங்கிலீஷ் பேசுவதற்கு நான். முதலில் ரயில்வே காலனியில் ஒரு கார்டு வீட்டு ஃபாக்ஸ் டெரியர். அது சந்தோஷமாக வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவருடைய குடையின் நுனியை முகர்ந்தது. அத்தான் வேலிமேல் ஏறிவிட்டார். "துடுக்குத்தனம் ஜாஸ்தி" என்று மேலிருந்தபடியே தள்ளினார். அடுத்தது கண்டோன்மெண்டில் பியானோ சொல்லித் தரும் ஒரு கிழவியின் பொமரேனியன். பஞ்சுமூட்டை மாதிரி அழகு. ஆனால் நாங்கள் கேட்டைத் திறந்ததிலிருந்து திரும்பிப் போய் ஜட்காவில் ஏறுகிறவரைக்கும் மூச்சு விடாமல் குரைத்தது. "வாயாடி" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது உடம்பு நீண்டு கால் குட்டையான ஒரு சாதி. அதுவும் தள்ளுபடி. நாய் வாங்கினால் முழுசாக வாங்க வேண்டுமாம், கால் இல்லாத நாயோடு போனால் துரைசானி என்ன நினைப்பாள் என்றார்.

முசிறியிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா, வாழைத்தோப்புக் காவலுக்கு இருக்கும் நாய் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று சும்மாவே தருகிறேன் என்றார். அத்தான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"நாட்டு நாயா மாமா? நான் என்ன தோப்புக் காவலா பாக்குறேன்?"

போன இடமெல்லாம் அவர் கேட்ட கேள்விகள் ஒன்றேதான். சத்தம் போடுமா? எவ்வளவு சாப்பிடும்? அடங்கி இருக்குமா? எதிர்த்து நிற்குமா? இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்தது. இந்தக் கேள்விகளை முன்பே ஒருமுறை என் காதால் கேட்டிருக்கிறேன். முசிறியில் எங்கள் வீட்டுக்கு அத்தான் பெண் பார்க்க வந்தபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. அவருடைய அம்மா கேட்க, அவர் கேட்காதவர்போல் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். கத்தோலிக்க வீடுகளில் அதைத் தபசு காலம் என்போம். நாற்பது நாளும் இறைச்சி வாசனை கிடையாது. ஒருசந்தி என்று ஒருவேளைச் சாப்பாடு. பலகாரத்தில் முட்டை சேர்க்கவில்லை என்று எங்கள் அப்பா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது நினைவிருக்கிறது. காப்பித் தட்டோடு வந்த அக்கா தலை நிமிரவில்லை, வாய் திறக்கவில்லை. "ரொம்ப சாதுவா இருக்கா" என்று சொல்லித் திருப்தியாக எழுந்து போனார்கள். ஊரில் மீன் விற்க வருகிறவர்கள் அதைக் கேட்டிருந்தால் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருப்பார்கள். எங்கள் அக்கா பேரம் பேச வாசலுக்கு வந்தால் மூன்றாவது தெருவில் விலை இறங்கும். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை தொட்டிலில் எழுந்து உட்காரும்.

அந்தக் குரல் கல்யாணத்துக்குப் பிறகு எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியாது. நான் படித்து முடித்து பாலக்கரைக்கு வந்தபோது அக்கா சமையலறைக்குள் பாதம் பதியாமல் நடந்துகொண்டிருந்தாள். கறிக்குழம்பு வைத்தால் கரண்டியைப் போட்டுத் துழாவிக் கறியை எல்லாம் அத்தான் எடுத்துக்கொள்வார். குழம்பு அக்காவுக்கு. அவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் அக்கா சொல்வாள். வேண்டாமென்று ஒருநாள்கூட விட்டதில்லை என்றுதான் நான் சொல்வேன்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷத் தபசு காலத்தின் நடுவில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ரொசாரியோ அம்மாள் என்ற ஆங்கிலோ இந்திய அம்மாள் நாயை விற்கப்போகிறாள் என்று தகவல் வந்தது. புருஷன் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, இருவரும் பெங்களூருக்குக் குடிபோக இருந்தார்கள். நாங்கள் போனபோது அந்த நாய் ஒரு கோணிமேல் படுத்திருந்தது. பக் என்கிற சாதி. மண்நிற உடம்பு, கறுத்த முகம். யாரோ கதவைச் சாத்தும்போது குறுக்கே வந்து மூக்கை இடித்துக்கொண்டதுபோல முகம் உள்ளே போயிருந்தது. அத்தானைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்தது. பார்க்கத் தகுந்ததாக ஒன்றுமில்லை என்று மறுபடி மூடிக்கொண்டது. எனக்கு அந்த நாயை அப்போதே பிடித்துவிட்டது.

"இவன் டியூக்" என்றாள் ரொசாரியோ அம்மாள். "குட் கத்தோலிக் நாய், மேன். லென்ட் வந்தா நம்ம வீட்ல யாரும் இறைச்சி தொட மாட்டோம், டியூக்கும் தொட மாட்டான். ஒருவேளை சோறு, பெப்பர் வாட்டர். அவ்ளோதான்."

அத்தான் புல்லரித்துப்போனார். மற்றவர்கள் நாயின் பல்லைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள். இவர் பக்தியைப் பார்த்தார். சாது, சின்னது, குரைக்கவில்லை, ஒருவேளைதான் சாப்பிடுகிறது, அதற்குமேல் கத்தோலிக்கம். குடையின் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். நாய் பெருமூச்சு விட்டது.

"இதான் அமலா, இதான் நான் தேடினது" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. சாமியாராகப் போகத் தேவ அழைத்தல் கிடைத்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

நாய் அத்தானுடையது. அதைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊற்றுவது, அசிங்கம் செய்தால் அள்ளுவது எல்லாம் அக்காவுடையது. ரொசாரியோ அம்மாள் வீட்டு நியமம் ஒரு இம்மியும் பிசகக் கூடாது என்று கட்டளை வேறு. நண்பகலில் ஒரு கிண்ணம் ரசஞ்சோறு. மற்ற நேரம் தண்ணீர். டியூக் அதைத் தின்றுவிட்டு அடுப்பங்கரை வாசலில் படுத்து, அக்கா போகும் பக்கமெல்லாம் கண்ணை மட்டும் திருப்பும். அத்தான் முதல் சில நாட்கள் நாற்காலியில் சம்மணம் போட்டபடியே காப்பி குடித்தார். அப்புறம் ஒரு காலைக் கீழே விட்டுப் பார்த்தார். நாய் அசையவில்லை. மறுகாலையும் விட்டார். அப்போதும் அசையவில்லை. நெப்போலியன்கூட அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வளவில் நின்று பெருமை அடித்துக்கொள்வார்.

"எங்க டியூக் ஒருசந்தி இருக்கு தெரியுமா? இறைச்சின்னா முகத்தைத் திருப்பிக்கும்."

இறைச்சியை அதன் முகத்துக்கு யார் காட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உபதேசியார் மட்டும், "சாமியார்கிட்ட பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுச்சா?" என்று கேட்டார். அத்தான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மாலையில் டியூக்கைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு துரை பங்களா வழியாக நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நாயைப் பங்களா முனைவரைக்கும் ஜட்காவில் கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து நடத்துவார். அதற்குமேல் நடக்க அதற்குத் தெம்பில்லை. அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கம்பெனிக் கணக்கர் வடிவழகிய நம்பி அய்யங்கார் எதிரே வந்தால் சாக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்.

"ஸ்வாமி, தூரமாப் பிடிச்சுக்கும். மேலே பட்டா ஆத்துக்குப் போய் இன்னொரு ஸ்நானம் பண்ணணும்."

"ரொம்ப சாதுங்க இது. பயப்படாதீங்க."

அத்தான் இன்னொருவரைப் பார்த்துப் பயப்படாதீங்க என்று சொன்னது அவர் ஆயுளிலேயே அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு சுற்று அதிகமாகப் போனார். நாய் கடைசிச் சுற்றில் உட்கார்ந்துவிட்டது.

பலன் இல்லாமல் போகவில்லை. ஒரு மாலை துரைசானி கேட்டுக்கு வந்து, குனிந்து டியூக்கின் காதைத் தடவி, எவ்வளவு அமைதி என்று வியந்தாள். அத்தானை மிஸ்டர் அற்புதசாமி என்றாள். ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம் பங்களாத் தோட்டத்தில் ஆபீஸ்காரர்களுக்குத் தேநீர் விருந்து. அவசியம் டியூக்கைக் கூட்டி வர வேண்டும் என்றாள். புது ஹெட் கிளார்க் யார் என்று துரை அந்த விருந்தில்தான் சொல்லப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். அன்றிரவு அத்தான் அலமாரியைத் திறந்து மெத்தையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். சவரிராயன் ஆபீசில் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் சிரிப்பு வற்றிப்போய்விட்டது என்று அத்தான் எங்களிடம் சத்தியம் செய்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. பெரிய வியாழன் முதல் கோவில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை மணிகள் மறுபடி முழங்கி, நண்பகலோடு தபசு காலம் முடிந்தது. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் பரக்கத் அலி எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்கம்மா. உங்க நோன்பு முடிஞ்சுதா? உங்களுக்கு முடிஞ்சாத்தான் எனக்குப் பெருநாள்."

ஞாயிற்றுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு, அக்கா கொஞ்சம் தயங்கி, ஈரலும் எலும்பும் தனியாக வாங்கினாள். வீட்டுக்கு வந்து ஈரலை அவித்து, ஆற வைத்து, டியூக்கின் கிண்ணத்தில் போட்டாள்.

"அத்தான் கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன்.

"தபசு காலந்தான் முடிஞ்சுபோச்சே. அது என்ன பாவம் பண்ணுச்சு அமலா? நான் அடுப்புகிட்ட நின்னா என் கையையே பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

நாய் கிண்ணத்தை முகர்ந்தது. அப்புறம் ஈரல் எங்கே போயிற்றென்று நாங்கள் பார்க்கவில்லை. கிண்ணத்தை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே கூடத்தைக் கடந்து வாசல்வரை போய்விட்டது. திரும்பி வந்து அக்காவைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தது. அக்கா திடுக்கிட்டாள், அப்புறம் சிரித்தாள். பல வருஷமாகக் கேட்காத சிரிப்பு அது. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தான் க்ஷவரம் பண்ணிக்கொள்ளப் போயிருந்தார். அவர் திரும்பியபோது டியூக் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. "பாரு, எவ்வளவு சாது" என்றார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஆபீஸ் சிநேகிதர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். வரப்போகிற நாற்காலிக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்ல அத்தானே அழைத்திருந்தார். கறிக்குழம்பு அவர்களோடு காலியாயிற்று. ராத்திரிக்கு என்று அத்தானுக்காக ஒரு கிண்ணம் கறியை அக்கா மூடி வைத்தாள். வழக்கம்போல அவளுக்குக் குழம்பு. ஆனால் டியூக்குக்கு எலும்பும் சதையுமாக ஒரு வட்டில் நிறையப் போட்டிருந்தாள். அத்தானின் கரண்டி போவதற்கு முன்பே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தனக்காக அவள் எதையும் ஒளித்து வைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் ஜட்காவில் போனோம். டியூக் அக்கா மடியில் எழுந்து நின்று வழியெல்லாம் வேடிக்கை பார்த்தது. கண்ணிரண்டும் பளபளத்தன.

"கண்ணுல என்ன ஒளி பாத்தியா! உயிர்த்த ஞாயிறு சந்தோஷம் அதுக்கும் தெரியுது" என்றார் அத்தான். அவர் மடியில் நீல மெத்தை காகிதத்தில் சுற்றி இருந்தது. துரை பெயரைச் சொன்னவுடன் ஆபீசைத் திறந்து நாற்காலியில் போட்டுவிட உத்தேசம்.

தோட்டத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், கேக், சாண்ட்விச். அத்தான் சங்கிலியை வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பத்தடி போயிருப்பார். துரைசானியின் ஸ்பானியல் மரத்தடியிலிருந்து எழுந்தது. டியூக் அதைப் பார்த்தது. நாற்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை குரைப்பையும் ஒரேயடியாக அவிழ்த்து விட்டுக்கொண்டு பாய்ந்தது. சங்கிலியைக் கையில் சுற்றியிருந்த அத்தானும் கூடவே பாய்ந்தார். ரோஜாப் பாத்தி வழியாக ஒரு தரம், மேஜைக்கு அடியில் ஒரு தரம். தலைப்பாகை கேக்மேல் விழுந்தது. ஸ்பானியல் சந்தோஷமாகச் சுற்றிச் சுற்றி ஓடியது, இரண்டுக்கும் விளையாட்டு. நம்பி அய்யங்கார் மாமரத்துக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் எப்படியோ சங்கிலியை உதறினார். டியூக் என்ன நினைத்ததோ, திரும்பி, வாலைச் சுழற்றிக்கொண்டு நேரே அவரிடமே ஓடி வந்தது.

துரைக்காகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிமேல் அத்தான் ஏறி நின்றார். ஏறி நின்று, "ஐயோ, பிடிங்க! கடிக்க வருது!" என்று கத்தினார்.

தன் சொந்த நாய்க்குப் பயந்து துரையின் நாற்காலிமேல் பாதரட்சையோடு நிற்கும் மனிதரை ஆபீஸ் முழுவதும் பார்த்தது. சவரிராயன் உதட்டைக் குவித்து மெல்லச் சீட்டியடித்தார். டியூக் அவரிடம் போய்க் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டது.

துரைசானிக்குக் கோபமே இல்லை. நாயை வாரி எடுத்து, அன்றைக்கு அவ்வளவு சோர்ந்து கிடந்ததே, உடம்பு சரியில்லை என்று நினைத்தேன், என்ன கொடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் அக்காவைக் கேட்டேன்.

"நேத்து ஈரல், இன்னைக்குக் கறி" என்றாள் அக்கா.

அதற்கு முன்னால்? ரசஞ்சோறு. எத்தனை வேளை? ஒருவேளை. துரைசானியின் முகம் மாறியது. ஏன் என்று கேட்டாள். நாற்காலியிலிருந்து இறங்கியிருந்த அத்தான் இதுதான் சமயம் என்று முன்னால் வந்து, "லென்ட், மேடம். வெரி ரிலிஜியஸ் டாக்" என்றார்.

துரைசானி அவரைப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்க வேண்டி இருக்கவில்லை. வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடுகிறவன் கையில் பத்துப் பேரை எப்படிக் கொடுப்பது என்று துரையிடம் உரக்கவே சொன்னாள். நாய் இனி இந்த வீட்டில்தான் இருக்கும் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் சாண்ட்விச் தட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டக்காரன் சின்னையன் விலா எலும்பு தெரிய நின்றிருந்தான். அந்த ஜீவனுக்கு வாய் இருந்ததால் அவள் கண்ணில் படவில்லைபோலும். அவள் நியாயமும் அவ்வளவுதான். ஆனாலும் துரைக்கு அவள் சொன்னதே வேதம். தேநீர் ஆறுவதற்குள் சவரிராயன் ஹெட் கிளார்க் ஆகிவிட்டார். டியூக் அக்காவைப் பார்த்து ஒருமுறை முனகியது. அக்கா அதன் நெற்றியைத் தடவிவிட்டு, "நல்லாச் சாப்பிடு" என்று சொல்லித் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் அத்தான் வாயைத் திறந்தார். மெத்தையைச் சுவரோரம் விட்டெறிந்தார்.

"எல்லாம் உன்னாலதான்! யாரைக் கேட்டு அதுக்குக் கறி போட்டே? சாதுவா இருந்த நாயைக் கெடுத்தவளே நீதான். பதினெட்டு வருஷ உழைப்பு ஒரு கிண்ணம் ஈரல்ல போச்சு. என்ன, வாயைத் தைச்சுக்கிட்டியா? சரி, சோத்தைப் போடு."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் உள்ளே போனாள். மூடி வைத்திருந்த கறிக்கிண்ணத்தையும் சோற்றுப் பானையையும் எடுத்து வந்தாள். கூடத்தின் நடுவில் வைத்தாள். சுவரோரம் கிடந்த நீல மெத்தையை எடுத்துத் தூசி தட்டினாள். அதைத் தரையில் போட்டு, அத்தானுக்கு எதிரே, அவர் பெயரின் முதல் எழுத்தின்மேல் உட்கார்ந்தாள். தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கிண்ணத்துக் கறியை அப்படியே கவிழ்த்துப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. ஒரு எலும்பை எடுத்து உறிஞ்சி ஓரமாக வைத்தாள்.

அத்தான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூர்து, என்ன பண்றே நீ?"

அக்கா அடுத்த கவளத்தை மென்று விழுங்கினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். முசிறியில் மீன் விலையை இறக்கிய அதே குரல், தெருமுனை வரைக்கும் கேட்டது.

"என்னையும் நீங்க தபசு காலத்துலதாங்க பாத்துட்டுப் போனீங்க."

தெருவில் எந்த நாயும் குரைக்கவில்லை. அத்தானின் பாதங்கள் மட்டும் மெல்லத் தரையைவிட்டு எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக நாற்காலிமேல் ஏறிக்கொண்டன.